செவலை பின்னால் நடந்த நாள்

போன கிழமை எங்கள் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பிள்ளை என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தது. கண்டி டவுனில் இருக்கிற காணி விற்கிற கம்பெனி. முதலாளி செய்த தானதருமங்களைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம். இருபத்திரண்டு வருஷம் அவருடைய ரேஸ் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவள் என்பதால் நானும் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

"நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வகுப்பும்மா" என்றேன்.

"பேசுற மாதிரியே எழுதிக் குடுங்க குதிரையக்கா. நாங்க திருத்திக்கிறோம்" என்றது.

ஆபீசில் எல்லாருக்கும் நான் குதிரையக்காதான். என் பெயர் சம்பளப் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

அந்தப் பிள்ளை பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் கையில் கொடுத்தது. நாவலப்பிட்டிப் பக்கம் ஆறு ஏழைக் குடும்பங்களுக்கு முதலாளி வீடு கொடுத்த நாளில் எடுத்தது. மலரின் அட்டையில் அதைத்தான் போடப் போகிறார்களாம்.

"மத்தப் படத்துல எல்லாம் குதிரை முதலாளியப் பாத்து, ஆளுகளைப் பாத்து நிக்குது. இதுல மட்டும் வீட்டுக்குப் பின்பக்கத்தக் காட்டிக்கிட்டு நிக்குது. ஏன் அக்கா? நீங்க என்னடான்னா கமராவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க. அவ்வளவு வெக்கமா?"

நான் சிரித்தேன். "ஆமா, வெக்கந்தான்" என்றேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

அது போன பிறகு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியை இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் வேறு யாரும் கேட்டதில்லை. அதனால் கொப்பி ஒன்று வாங்கி இதை எழுதுகிறேன். திருத்துவார்களோ, குப்பையில் போடுவார்களோ, அது அவர்கள் பாடு.

நான் பிலிமத்தலாவைக்குப் பக்கத்தில் முதலாளி குதிரை லாயம் கட்டியபோது குதிரைத் தீனிக்குக் கினிப்புல்லு வெட்டுகிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஆள்களோடு பேச எனக்கு வராது. யாராவது முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். குதிரை பார்த்தவர் ஊருக்குப் போனார். வேறு ஆள் வரும் வரைக்கும் பார்த்துக்கொள் என்றார்கள். வேறு ஆள் வரவேயில்லை. பொம்பிளை குதிரை பார்க்கிறாள் என்று ரேஸ் ஓட்டுகிற ஜொக்கிமார் முதலில் சிரித்தார்கள். "என்னக்கா, சீலை கட்டி விடுவீங்களா குதிரைக்கு?" என்று கேட்டார்கள். நான் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பேன். கொஞ்ச நாளில் அவர்களே, "அக்கா, கால் பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள்.

கால் பார்ப்பது என்றால் இப்படி. விடிந்ததும் முதலில் தண்ணீர் வாளியைப் பார்க்க வேண்டும், எவ்வளவு குடித்திருக்கிறது என்று. அடுத்தது லத்தி. அது உருண்டையாக, பச்சை ஓடி இருக்க வேண்டும். அதற்குப் பிறகு நாலு காலையும் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையால் வழித்துக்கொண்டே வர வேண்டும். விரலை நம்பக்கூடாது, உள்ளங்கைதான். ஒரு காலில் மட்டும் சூடு இருந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. கடைசியில் குளம்பைத் தூக்கி, இரும்புக் கொக்கியால் மண்ணைத் தோண்டி, மோந்து பார்க்க வேண்டும். நல்ல குளம்பில் மண் வாசம்தான் வரும். கெட்ட வாசம் வந்தால் உள்ளே அழுகத் தொடங்கிவிட்டது.

இந்த வேலையில் குதிரையை அடிக்கடி பின்னால் நகர்த்த வேண்டியிருக்கும். முன்னால் நின்று, நெஞ்சில் கையை வைத்து, "பேக், பேக்" என்று சொன்னால் வைக்கும். இது லேசான காரியம் இல்லை. குதிரைக்கு இரண்டு பக்கமும் நல்லாத் தெரியும், ஆனால் வாலுக்கு நேர் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. பள்ளமா, முள்ளா, சுவரா, தெரியாது. அது பின்னால் அடி வைக்கிறது என்றால் முன்னால் நிற்கிறவளை நம்பி வைக்கிறது. எத்தனையோ குதிரை வைக்கவே வைக்காது.

எனக்காக யோசிக்காமல் வைத்தது செவலை ஒன்றுதான். ரேஸ் புத்தகத்தில் அதற்கு நீளமான இங்கிலிஷ் பெயர். பெண் குதிரை. செம்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. நுவரெலியாவில் மூன்று சீசனில் ஓடி முதலாளிக்கு இரண்டு கப் வாங்கிக் கொடுத்தது.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கத்தி நான் கேட்டதில்லை. லாயத்துக்கு வந்தால், "சாப்பிட்டியா?" என்பார். பதில் சொல்வதற்குள் முகம் வேறு பக்கம் போய்விடும். "முடியாது" என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. "பாப்பம்" என்பார். பழைய தேயிலைக் காணிகளை வாங்கி, துண்டு துண்டாகப் பிரித்து, ரோடு போட்டு விற்பதுதான் தொழில். குதிரை ஜெயித்தால் அந்தக் காசு தனக்கு வேண்டாம், ஏழைகளுக்கு என்பார். மூக்குக்கண்ணாடி, தையல் மிஷின், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து என்று கொடுப்பார். கொடுக்கிற இடத்துக்கெல்லாம் நான் குதிரையை மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எப்போதும் இரண்டு கையாலும்தான் கொடுப்பார். ஆனால் கமரா வெளிச்சம் அடிக்கும் வரைக்கும் பிடியை விட மாட்டார். ஒரு தடவை தெல்தெனியவில் ஒரு கிழவி மூக்குக்கண்ணாடிப் பெட்டியை வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டு, "குடுக்கிறதுன்னா குடுங்க சாமி, எனக்கு பஸ்ஸு போயிரும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். பெட்டியை மட்டும் விடவில்லை.

எனக்கு அவர்மேல் மரியாதை இருந்தது. பொய் சொல்லக்கூடாது. நிறையவே இருந்தது.

தெல்தெனியப் பக்கம் ஒரு காணி வாங்கினார். ஏதோ படம் பிடிக்க என்று செவலையைக் கொண்டுவரச் சொன்னார்கள். புல்லுக்குள் நடத்திக்கொண்டு போனபோது ஒரு இடத்தில் சடாரென்று நின்றது. காது இரண்டும் முன்னால் குத்திக்கொண்டு நின்றன. மூக்கு ஊதியது. இழுத்தும் வரவில்லை. ஆள்கள் புல்லை வெட்டிப் பார்த்தார்கள். பழைய கிணறு, மேலே உளுத்த பலகை. நானும் செவலையும் அதற்குள் போயிருப்போம்.

அன்றையிலிருந்து முதலாளி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். எந்தக் காணி வாங்கினாலும் சர்வேயர் முளை அடிப்பதற்கு முன்னால் செவலையை நடத்த வேண்டும். இப்போது அவர் மகன் ஏதோ டிரோன் பறக்க விட்டு மேலேயிருந்து பார்க்கிறாராம். அப்போது நாங்கள் கீழேயிருந்து பார்த்தோம். கிழக்கிலிருந்து மேற்கே ஒரு நடை, மேலிருந்து கீழே ஒரு நடை. கயிற்றைத் தளர்த்தியே பிடிக்க வேண்டும். அவசரப்படுத்தக்கூடாது. குதிரைக்கு மண் இறுக்கமா, உள்ளே தண்ணீர் ஓடுதா என்பது குளம்பிலேயே தெரியும். முதலாளி ரோட்டில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்ப்பார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "என்ன சொல்றா?" என்பார். நான் இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் வாய் திறந்து பேசியது பெரும்பாலும் அந்த ஒரு கேள்விக்குத்தான்.

அப்படி ஒரு தடவை நடத்தியது, நாவலப்பிட்டி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு பழைய தேயிலைக் காணியில். மேல் பக்கத்தில் செவலை ஆட்டம் போட்டுக்கொண்டு நடந்தது. கீழ்ப் பக்கத்தில் ஒரு பெரிய பலா மரம். அதைத் தாண்டியதும் தேயிலைச் செடியெல்லாம் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அங்கே நின்றுவிட்டது. நான் சுற்றிக் கொண்டுபோய் வேறு பக்கத்தால் விட்டுப் பார்த்தேன். நின்றது. மூன்றாம் தடவை விட்டேன். முன்னங்காலை ஒரு அடி வைத்து, சூடு பட்ட மாதிரித் திருப்பி எடுத்துக்கொண்டது.

"என்ன சொல்றா?"

"மேல நல்லாருக்குங்க அய்யா. பலா மரத்துக்குக் கீழ வேணாங்குறா."

முதலாளி சர்வேயரைப் பார்த்தார். "அந்தக் கீழ்த்துண்டு விக்க வேணாம். ஒதுக்கி வைங்க" என்றார்.

அன்றைக்கு லொறியில் திரும்பி வரும்போது எனக்குப் பெருமை. எத்தனை லட்சம் பெறுமதியான காணி! ஒரு குதிரையும் நானும் சொன்னதைக் கேட்டு வேண்டாம் என்று விட்டாரே, இப்படியும் ஒரு மனுசன் இருக்கிறாரே என்று செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தேன்.

அடுத்த சீசனில் செவலை ஜெயித்தது. லாயத்தில் எல்லாருக்கும் கேக் கொடுத்தார். அன்றைக்கு, இந்தத் தடவை ஆறு ஏழைக் குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். நாவலப்பிட்டிப் பக்கம் என்றார்.

என் தங்கச்சி ஜெயா நாவலப்பிட்டிக்கு அங்கால் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா. அவள், அவள் புருஷன், மூன்று பொம்பிளைப் பிள்ளைகள், மாமியார். மூத்தவள் பெரியவளாகி, சேலையைக் குறுக்கே கட்டி மறைத்துவிட்டுத்தான் உடுப்பு மாற்றுவாள். நான் முதலாளியிடம் எனக்கென்று எதுவும் கேட்டதில்லை. அன்றைக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேக் தட்டை வைத்துக்கொண்டே, "அய்யா, என் தங்கச்சிக்கு ஒண்ணு" என்றேன். 

"பாப்பம்" என்றார். ஒரு மாதம் கழித்து, பெயர் எழுதியாயிற்று, நாலாம் வீடு என்று ஆபீசிலிருந்து சொன்னார்கள். ஜெயாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு, "அக்கா, கதவுக்குப் பூட்டு இருக்குமா?" என்று கேட்டாள். உள் அறைக் கதவைத்தான் கேட்டாள்.

வீடு கட்டின காலத்தில் நான் செவலையோடு நுவரெலியாவில் இருந்தேன். எங்கே கட்டுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. வீடு கொடுக்கிற அன்றைக்கு நேராக லொறியில் குதிரையைக் கொண்டுபோய் இறக்கினேன். செம்மண் கொட்டிச் சமப்படுத்தி, புல் பதித்து, ஆறு வீடு வரிசையாக, சிவப்புத் தகரம் போட்டு, பார்க்க அவ்வளவு அழகு. மேளம், பலூன், சாமியார், பிள்ளைகள். அந்த இடத்தை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு பலா மரத்தைப் பார்த்தேன்.



ரோட்டோரத்தில் இன்னொரு லொறி. அதில் ஜெயாவின் கட்டில், பானை சட்டி, சாமிப் படம் எல்லாம் ஏற்றிக் கட்டியிருந்தது. லயத்துக் காம்பராவைக் காலையிலேயே தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "பூட்டு இருக்கு அக்கா, போய்ப் பாத்துட்டேன்" என்றாள்.

முறை என்னவென்றால், குதிரை முதலில் முற்றத்தில் கால் வைக்க வேண்டும், அதன் பிறகுதான் முதலாளி சாவி கொடுப்பார். நான் செவலையை நடத்திக்கொண்டு போனேன். ரோட்டைத் தாண்டியது. புல் பதித்த ஓரம் வந்ததும் நின்றது. காது முன்னால். மூக்கு ஊதியது. அப்போது நின்ற அதே நிற்பு. மேலே கொட்டின மண்ணும் பதித்த புல்லும் அதை ஏமாற்றவில்லை.

மேளக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ, "குதிரைக்கும் வெக்கம் போல, அக்கா மாதிரி" என்றார். சனம் சிரித்தது. நான் முதலாளியைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். அவர் முகத்தில் தெரிந்தது. "என்ன சொல்றா?" என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. கொஞ்சம் தலையை ஆட்டினார், கொண்டு வா என்று.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவ்வளவு பேர் கூடியிருந்தார்கள். "இந்த மண்ணு சரியில்ல" என்று சொல்ல எவ்வளவு நேரம்? ஆனால் ஜெயா அங்கே நாலாம் வீட்டு வாசலில் மூன்று பிள்ளைகளோடு நின்றாள். கட்டில் லொறியில் இருக்கிறது, காம்பரா கைவிட்டுப் போய்விட்டது. நான் பேசினால் அவளுக்கு வீடு இல்லை. வீடு கட்டினவர்கள் படித்தவர்கள், பார்த்துத்தானே கட்டியிருப்பார்கள் என்றும் மனதுக்குள் ஒரு சாக்கு ஓடியது. குதிரைக்கு என்ன தெரியும் என்றும் நினைத்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. குதிரைக்குத் தெரியும் என்று அந்தக் கூட்டத்தில் முதலாளியை விட்டால் எனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும்.

நான் செவலையை ரோட்டைப் பார்க்கத் திருப்பினேன். முன்னால் போய் நின்று, நெஞ்சில் கையை வைத்து, "பேக்" என்றேன்.

அது என் முகத்தைப் பார்த்தது. பின்னால் ஒரு அடி வைத்தது. பிறகு இன்னொரு அடி. நான் சொல்லச் சொல்ல, வர மாட்டேன் என்ற அதே மண்ணில், பின்பக்கமாகவே நடந்து போனது. நாலு காலும் முற்றத்துக்குள் வந்ததும் சனம் கைதட்டியது. புது மாதிரி வித்தை காட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். கமராக்காரர் அந்த நேரத்தில்தான் படத்தை எடுத்தார்.

செவலையின் தோல் என் கைக்குக் கீழே நடுங்கிக்கொண்டே இருந்தது.

முதல் மழைக்கே ஜெயாவின் அடுப்படிச் சுவர் கீறல் விட்டு வெடித்தது. புது வீடு அப்படித்தான் என்று அவள் புருஷன் சீமெந்து பூசினார். மறுபடியும் வெடித்தது. கதவு மூட மறுத்தது. அவளுக்குப் பூட்டுதான் கவலை, பூட்ட முடியவில்லை என்றாள். நான் கண்டிக்கு ஆபீசுக்குப் போனேன். ஒரு மணித்தியாலம் வெளியில் உட்கார்ந்தேன்.

"சாப்பிட்டியா?" என்றார் முதலாளி.

"அய்யா, தங்கச்சி வீடு வெடிக்குது."

"புது வீடு வெடிக்கும். ஆள் அனுப்புறேன்."

"அது செவலை வேணாம்னு சொன்ன எடங்க அய்யா. நீங்கதான் விக்க வேணாம்னு சொன்னீங்க."

அன்றைக்குத்தான் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரிப் பேசினார்.

"நான் வித்தேனா? நல்லா யோசிச்சுச் சொல்லு. அந்தத் துண்ட யாருக்காவது வித்தேனா? குடுத்தேன். வித்த காணின்னா வாங்கினவன் வந்து கேக்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம். குடுத்ததுக்கு யாரு வந்து கேக்கப் போறா?"

நான் கதவுப் பக்கம் திரும்பினேன்.

"நீயும் தானே ஒண்ணு கேட்ட?" என்றார்.



இரண்டாம் வருஷம் அந்தப் பெரிய மழை. ஒரு மத்தியானம் பலா மரம் சரிந்தது. அதோடு நாலாம் வீடும் பக்கத்து இரண்டு வீடும் பள்ளத்துக்குள் இறங்கின. மற்ற மூன்று வீட்டிலும் இருக்கக்கூடாது என்று அதிகாரிகள் கடிதம் ஒட்டினார்கள். ஜெயாவும் பிள்ளைகளும் சத்தம் கேட்டு வெளியே ஓடிவிட்டார்கள். நடக்க முடியாத மாமியாரைத் தூக்க அவள் புருஷன் உள்ளே போனார். அவரை மூன்றாம் நாள் எடுத்தார்கள். மாமியாரை எடுக்கவே முடியவில்லை.

ஜெயாவைப் பள்ளிக்கூட மண்டபத்தில் பாயில் உட்கார வைத்திருந்தார்கள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நடை, இரண்டாம் நடை, பலா மரம், பின்னால் நடத்தினது. எதையும் விடவில்லை. அவள் அழாமல் கேட்டாள். முடிந்த பிறகு, "செவலைக்கு வாய் இல்ல, அது சொல்லிருச்சு. ஒனக்கு வாய் இருந்துச்சே அக்கா" என்றாள்.

அடுத்த கிழமை முதலாளி அந்த மண்டபத்துக்கு அரிசிப் பொதி கொடுக்கப் போவதாகவும் குதிரையைக் கொண்டு வரச் சொன்னதாகவும் ஆபீசிலிருந்து போன் வந்தது. நான் "மாட்டேன்" என்றேன். என் ஆயுசில் முதல்தடவை சொன்ன மாட்டேன் அதுதான். யாருக்கும் பிரயோசனம் இல்லாத நேரத்தில் சொன்ன மாட்டேன். முதலாளி கோபப்படவில்லை. வயசாகிவிட்டது, ஓய்வு எடுக்கட்டும் என்று சொல்லி, எனக்கு ஒரு பொன்னாடையும் ஒரு கடிகாரமும் கொடுத்து அனுப்பினார். இரண்டு கையாலும் கொடுத்தார். வெளிச்சம் அடிக்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார்.

செவலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீடு கொடுத்த அந்த நாளுக்குப் பிறகு அது எனக்காக ஒரு அடிகூடப் பின்னால் வைக்கவில்லை. கூட்டிப் பெருக்க வேண்டும் என்றால் நான்தான் அதைச் சுற்றிப் போவேன். கால் பார்க்க விட்டது, கையில் தீனி வாங்கியது. "பேக்" என்றால் மட்டும் கல்லு மாதிரி நிற்கும். நான் வேலையை விட்ட மறு வருஷம் அதை வித்துவிட்டார்களாம். எங்கே என்று கேட்க நான் போகவில்லை.

ஜெயா இப்போது நாவலப்பிட்டி டவுனில் வாடகை அறையில் இருக்கிறாள். நல்ல நாளைக்குப் போனால் சோறு போடுவாள், பேச மாட்டாள். நான் பேசாத வீட்டுக்கு அவள் பேசாமல் இருப்பது சரிதான்.

மகளே, மலர் போடுகிற பிள்ளையே, நீ கேட்டதற்கு வருகிறேன். வெட்கம் என்று நான் உன்னிடம் சொன்னது பொய். படத்தை இன்னொரு தடவை பார். முதலாளி கமராவைப் பார்க்கிறார். சாவிக்காக நிற்கிற ஆறு குடும்பமும் கமராவைப் பார்க்கிறது, அதில் நாலாவதாக நிற்கிறாளே புதுச் சேலை, அவள்தான் ஜெயா, பக்கத்தில் அவள் புருஷன். குதிரை ரோட்டைப் பார்க்கிறது, ஏனென்றால் பின்னால் இருப்பதை அது பார்க்காதபடி நான் திருப்பி வைத்தேன். குதிரையைப் பின்னால் நடத்துகிறவள் அது போகிற திசையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், வேறு வழியில்லை. அந்தப் படத்தில் வீட்டையும் அந்த மண்ணையும் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது நான் ஒருத்திதான். அதனால்தான் என் முதுகு மட்டும் தெரிகிறது.